நூற்றியோராவது குடம்

நான் செய்த குடத்தப் பாக்குற ஆக்கள் முதல்ல கேக்குறது "இதுக்குத் தல எங்க?" எண்டுதான். தல இல்ல. தோள் இருக்கு, ரெண்டு கை இருக்கு, ரெண்டு கையும் கீழ வந்து வயித்த ஏந்திப் பிடிச்சிருக்கு, கழுத்தச் சுத்தி ஒரு துணிக்கட்டு கிடக்கு, அதுக்கு மேல தல இருக்க வேண்டிய இடத்துல குடத்துட வாய் தாமரையா விரிஞ்சிருக்கு. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான உயரம், சிவப்பு மண், ஒரு பக்கம் மட்டும் சூளைப் புகையில கறுத்துப் போயிருக்கு, கிளேஸ் (சூளையில உருகிக் கண்ணாடி போல மினுங்குற பூச்சு) ஒண்டும் பூசல்ல. பேர் நூற்றியோராவது குடம். ஏன் அந்தப் பேர், ஏன் இந்த உருவம், மண்ண என்ன செய்து இப்பிடி எடுத்தாய் எண்டு கேக்குற எல்லாருக்கும் தனித்தனியாச் சொல்ல ஏலாமக் கிடக்கு, அதால இருந்து முழுக்க எழுதுறன், இதே போல ஒண்டு செய்து பாக்க நினைக்குற ஆக்களுக்கும் உதவும்.

முதல்ல கதை. நாங்க இலங்கைட கிழக்குக் கரையில கல்முனைப் பக்கத்து ஆக்கள், பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயில் சடங்கு பாத்து வளந்தவங்க. 18 நாள் சடங்கு, வனவாசம் போறது, கடைசியில தீ மிதிப்பு, பாரதக்கதை எங்களுக்குப் புத்தகத்துல கிடைக்க முந்தி தெருவுலயே கிடைச்சிட்டுது. ஆனா அந்தக் கதைக்குள்ள காந்தாரி எப்பயும் ஒரு ஓரத்துலதான் நிப்பா. கண்ணக் கட்டினவ, நூறு கெட்ட புள்ளைகளப் பெத்தவ, சனத்துக்கு அவ்வளவுதான் தெரியும், அவ எப்பிடிப் பெத்தவ எண்டத ஆரும் நிண்டு கேக்குறல்ல. ரெண்டு வருசம் வயித்துல சுமந்தும் புள்ள பிறக்கல்ல, அதுக்குள்ள குந்திக்குப் புள்ள பிறந்திட்டுது எண்டு சேதி வருது, அந்த வேதனையில தன்ட வயித்துல தானே அடிக்கிறா, வெளிய வந்தது இறுகிப்போன ஒரு மாமிசப் பிண்டம். அதத் தூக்கி எறியப் போன நேரம் வியாசர் வந்து தடுத்து, நூறு குடத்துல நெய் நிரப்பி வையுங்க எண்டு சொல்லி, பிண்டத்துக்குக் குளிர்ந்த தண்ணி தெளிக்கச் சொல்லுறார், அது கட்டைவிரல் அளவுத் துண்டுகளாப் பிரியுது, ஒவ்வொண்டையும் ஒரு குடத்துல வச்சு மூடிக் காவல் போடுறாங்க, இன்னும் ரெண்டு வருசம் கழிச்சுத்தான் திறக்கணும். பிரிக்கிற நேரம் காந்தாரி மனசுக்குள்ள ஒரு பொம்பிளப் புள்ளையும் கிடைச்சா நல்லம் எண்டு நினைக்கிறா. நூறு எண்ணி முடியக்குள்ள ஒரு துண்டு மிச்சம். அதுக்கு இன்னொரு குடம் கொண்டு வாறாங்க. அந்தக் குடத்துல வளந்தவதான் துச்சளை.

எனக்குப் பிறந்ததும் பொம்பிளப் புள்ளதான். ஏழு மாசம் முடிஞ்ச கையோட எனக்குப் பிரஷர் கூடி, அவசரமா சீசர் செய்து எடுத்த புள்ள, ஒன்றரைக் கிலோவும் இல்ல. 37 கிழமை முடிய முந்திப் பிறந்தாலே குறைமாசப் புள்ள எண்டு சொல்லுவாங்க, இவ அதுக்கும் நல்லா முந்தி. இந்தப் புள்ளைகளுக்குத் தோலுக்குக் கீழ கொழுப்புக் காணாது, உடம்புச் சூட்டத் தானா வச்சிருக்க ஏலாது, அதுக்காகத்தான் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்கிறது. அந்தப் பெட்டி எப்பிடி வந்தது எண்டு மறுகா தேடி வாசிச்சன், 1880 அளவுல பாரிஸுல தார்னியே எண்ட டாக்டர் கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டியப் பாத்திட்டு, இத மனிசப் புள்ளைகளுக்கும் செய்யலாம்தானே எண்டு செய்விச்சிருக்கார். முட்டைக்கு வச்ச பெட்டி புள்ளைக்கு வந்திருக்கு. எனக்கு அந்த இடத்துலயே நெய்க்குடம்தான் நினைவு வந்தது, சூடு போகாம, காத்துப் படாம, மூடி வச்சு, காவல் இருந்து, நாள் பாத்துத் திறக்கிறது, ரெண்டும் ஒரே வேலைதான்.

அதுக்குள்ள புள்ளைக்கு மஞ்சள் கூடி, நீல வெளிச்சத்துக்குக் கீழ வச்சாங்க. அந்த வெளிச்சம் கண்ணுக்குக் கூடாது எண்டு கண்ணுக்கு மேல ஒரு சின்னத் துணிக்கட்டு. தீப்பெட்டிக்குக் கொஞ்சம் பெரிசான முகம், அதுல பாதிக்கு மேல வெள்ளைத் துணி. காந்தாரி தன்ட கண்ணத் தானே கட்டிக்கொண்டு புள்ளைகளக் காணாமலே வளத்தவ. இஞ்ச கண்ணக் கட்டிக் கிடந்தது என்ட புள்ள, திறந்த கண்ணோட ஒண்டும் செய்ய ஏலாம வெளிய நிண்டது நான். குடத்துட கழுத்தச் சுத்தி இருக்கிற அந்தத் துணிக்கட்டு இதுதான். காந்தாரிட கட்டு எண்டு ஆக்கள் நினைக்கிறாங்க, சரிதான், ஆனா நான் அத உருட்டி ஒட்டக்குள்ள நினைச்சது மகள்ட கட்ட.

அந்த வார்டுல இருந்த பேச்செல்லாம் இந்தக் குடத்துக்குள்ள கிடக்கு. பக்கத்துக் கட்டில்ல சம்மாந்துறை ராத்தா (முஸ்லிம் ஆக்கள் அக்காவ அப்பிடித்தான் கூப்பிடுவாங்க) ஒராள் இருந்தவ, அவட மகனும் பெட்டிக்குள்ளதான். ரெண்டு பேரும் பால் பீய்ச்சி எடுக்கப் போற நேரம் ஒண்டா இருந்து கதைப்பம். ஒரு நாள் என்ட சொந்தக்கார ஒராள் வந்து பாத்திட்டு, "நீ எங்க வளத்தாய், பெட்டிதானே வளக்குது" எண்டு சொல்லிட்டுப் போயிட்டாங்க. எனக்கு அழுகை நிக்கவே இல்ல. ராத்தா கையப் பிடிச்சுக்கொண்டு, "தங்கச்சி, மூஸா நபிட உம்மாவும் புள்ளையப் பெட்டிக்குள்ள வச்சுத்தான் ஆத்துல விட்டவங்க, அல்லாஹ் திரும்ப அவங்கட மடியிலயே பால் குடிக்கக் குடுத்தான், பெட்டியில கிடந்த எண்டு உம்மா இல்லாமப் போகல்ல" எண்டு சொன்னா. நான் சொன்னன், எங்கட கண்ணகி அம்மாளையும் பேழையில வச்சு விட்ட எண்டுதான் எங்கட ஊர்க் கதையில வரும், மாங்கனியில பிறந்தவ, பிறகு பேழையில மிதந்து போய்த்தான் வளத்தவங்கட கைக்குப் போனவ, கர்ணனையும் குந்தி அப்பிடித்தான் ஆத்துல விட்டவ எண்டு. ரெண்டு பேரும் அப்பிடியே எண்ணிக்கொண்டு இருந்தம், எத்தின புள்ளைகள் பெட்டியிலயும் குடத்துலயும் பேழையிலயும் பிழைச்சு வந்திருக்கு எண்டு. அகத்தியரும் குடத்துல பிறந்தவர்தான், துரோணரும் அப்பிடித்தான். ஏனம் தாய்க்குப் போட்டி இல்ல எண்டது எனக்கு அந்தக் கதையிலதான் தெளிஞ்சது. தாய்க்கு ஏலாத நேரத்துல கை குடுக்குற இன்னொரு வயிறு அது. இத நான் மண்ணுல சொல்லணும் எண்டு நினைச்சன், வேற ஒண்டும் இல்ல.

புள்ள வீட்டுக்கு வந்து, நெஞ்சோட ஒட்டி வச்சு வளக்கிற அந்தக் காலமும் கழிஞ்சு (கங்காரு முறை எண்டு சொல்லுவாங்களே, 1978இல கொலம்பியா நாட்டுல போகொட்டாவுல தொடங்கினது, குறைமாசப் புள்ள பெத்த ஆக்கள் ஆரும் இத வாசிச்சா டாக்டர், நர்ஸ்மாரக் கேட்டுக் கட்டாயம் செய்யுங்க, தகப்பனும் செய்யலாம்), அவ தவளத் தொடங்கின பிறகுதான் நான் பென்சில எடுத்தன். நான் சித்திரம் படிச்ச ஆள், பள்ளிக்கூடத்துல சித்திரம் படிப்பிக்கிறன், மண் வேலை படிக்கிற காலத்துல கொஞ்சம் தொட்டதோட சரி. அதால முதல்ல பழைய வேலைகளப் பாத்தன். நாலு இடத்துல கண் நிண்டுது.

ஒண்டு தாரா தேவி, பௌத்தத் தெய்வம். எங்கட கிழக்குக் கரையில, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில எங்கயோ கிடைச்ச சிலை, 8ஆம் நூற்றாண்டு அளவு, வெண்கலத்துல வார்த்துப் பொன் முலாம் போட்டது, 143 சென்டிமீட்டர் உயரம், பிரவுண்றிக் எண்ட ஆளுநர்ட கையால போய் 1830ல இருந்து லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல நிக்கிறா. நான் படத்துலதான் பாத்தன். பெரிய படமாப் போட்டு இடுப்பு மடிப்பையும் வயித்தையும் பாருங்க, அந்த வெண்கலம் உள்ளுக்க இருந்து மூச்சு விடுது. தொப்புளுக்கு மேல தசை எவ்வளவு மெல்லமா எழும்பி இறங்குது எண்டு பாத்தா, வயிறு எண்டது ஒரு வட்டம் இல்ல எண்டு விளங்கும். கேக்குறவங்களுக்குக் குடுக்கிற கையாக் கீழ இறங்கி விரிஞ்சிருக்கிற வலக்கை, அந்தக் கைதான் என்ட குடத்துல வயித்தத் தாங்குற கை.

ரெண்டாவது லஜ்ஜா கௌரி. கர்நாடகத்துல பாதாமி மியூசியத்துல 7ஆம் நூற்றாண்டுச் சிற்பம் ஒண்டு இருக்கு, புள்ள பெறுற இருப்புல கால விரிச்சு இருக்கிறா, தலைக்குப் பதிலா தாமரை. இதே தெய்வத்துட இன்னும் பழைய வடிவங்களில உடம்பே குடமா இருக்கும், குடத்துட வாயில தாமரை. இதக் கண்ட அண்டைக்கு எனக்கு நித்திரை வரல்ல. முகம் ஒண்டச் செதுக்கினா அது ஒரு பொம்பிளைட முகமா ஆகிடும், காந்தாரிட முகமோ என்ட முகமோ எண்டு ஆயிடும், தாமரை வச்சா அது எல்லாத் தாய்க்கும் பொது. தல இல்லாம விட்ட காரணம் இதுதான்.

மூண்டாவது அனுராதபுரத்துக் காவற்கல்லுகள். வாசல்ல நிக்கிற நாகராஜன் ஒரு கையில பூரண கும்பத்தையும் மற்றக் கையில பூங்கொப்பையும் பிடிச்சிருப்பான், நிறைஞ்ச குடம் வாசலக் காக்குது. நாலாவது ஐரோப்பியர்ட வேலை. மத்தியகாலத்துல அவங்க கூழைக்கடா தன்ட நெஞ்சத் தானே கொத்தி இரத்தத்தால குஞ்சுகளுக்கு உயிர் குடுக்குது எண்டு நம்பினாங்க, ஓலைச்சுவடி போல கையால எழுதின அவங்கட தோல் ஏடுகளிலயும் கோயில் செதுக்கலிலயும் அந்தப் பறவை நிறைய வரும், யேசுநாதருக்கு அடையாளமா வச்சிருக்காங்க. கூழைக்கடா எங்கட மட்டக்களப்பு வாவியில கூட்டமா நிக்குற பறவைதானே. அதுவும் நெஞ்சக் கொத்துறல்ல, குஞ்சுக்கு மீன்தான் குடுக்குது, ஆனா அந்தக் கற்பனை என்னப் பிடிச்சிட்டுது, பால் கட்டி நெஞ்சு நோக நோகப் பீய்ச்சிக் குழாயால புள்ளைக்குக் குடுத்தவளுக்கு அந்தப் படம் சும்மா படம் இல்ல.

இப்ப சொல்லுறத, இப்பிடியான வேலை செய்ய நினைக்குற ஆக்கள் நல்லாக் கேளுங்க. இந்த நாலையும் நான் பேப்பர்ல ஒண்டாப் போட்டுப் பாத்தன். குடத்துல கூழைக்கடாவும் நாகமும் தாமரையும் கையும் மாங்கனியும் எல்லாம் சேந்து நிக்கக்குள்ள அங்க தாய் இல்ல, கண்காட்சிதான் இருந்தது. அதால ஒவ்வொண்டுட்ட இருந்தும் ஒண்டே ஒண்டு எடுக்கிற எண்டு முடிவு செய்தன். தாராட்ட இருந்து கை, கௌரிட்ட இருந்து தாமரை, காவற்கல்லுட்ட இருந்து நிறைஞ்ச வடிவம், காந்தாரிட்ட இருந்து கட்டு. கூழைக்கடாவ விட்டன், மனசு கேக்காமத்தான் விட்டன், அது இன்னொரு ஏனத்துக்கு உரியது. விட்ட பிறகுதான் மிச்சம் இருந்தது பேசத் தொடங்கினது. அழகான விசயம் எண்டதுக்காக எதையும் உள்ளுக்க எடுக்காதீங்க, அது உங்கட கதைக்கு வேலை செய்யுதா எண்டு பாருங்க.

மண்ணுக்கு நான் படுவான்கரைப் பக்கம் (மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம்) போனன். அங்க சட்டி பானை வனையிற குடும்பம் ஒண்டு, அம்மாட பக்கத்தால தெரிஞ்ச ஆக்கள், வீட்டுக்கார மாமிக்கு எழுபது தாண்டிட்டுது, இன்னும் மண் மிதிக்கிறா. படத்தக் காட்டினன். வீட்டுல எல்லாரும் தல எங்க எண்டு கேட்ட இடத்துல மாமி கேக்கவே இல்ல. "கும்பத்துக்குத் தல என்னத்துக்குப் புள்ள, தேங்கா வச்சாத் தலதானே" எண்டா. வைகாசிச் சடங்குக்குக் கண்ணகி அம்மாளுக்குக் கும்பம் குடுத்து வந்த குடும்பம் அது, குடத்தத் தாயாக் கும்புடுறது அவங்களுக்குப் புதிசு இல்ல. நான் கர்நாடகத்துல தேடினது படுவான்கரையில ஒரு மண் திண்ணையில ஏற்கனவே இருந்திருக்கு.

மாமி வேலை செய்யிறத முதல்ல சும்மா இருந்து பாருங்க எண்டுதான் நான் எல்லாருக்கும் சொல்லுவன். சக்கரத்துல வனைஞ்சு எடுக்கிற பானைக்கு அடி இருக்காது, அறுத்தெடுக்கிற நேரம் கீழ திறந்துதான் கிடக்கும். கொஞ்சம் இறுக விட்டு, மடியில வச்சு, உள்ளுக்க இடக்கையால ஒரு வழுவழுப்பான உருண்டைக் கல்லப் பிடிச்சுக்கொண்டு, வெளிய வலக்கையால பலகையால தட்டுவா. தட்டத் தட்ட மண் இழுபட்டு மெல்லிசாகி அடி தானா வந்து மூடும், வயிறும் பெருக்கும். டொக், டொக் எண்டு ஒரே அளவாத் தட்டு விழும், ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளுக்க இருக்கிற கல்லு ஒரு விரல் கிறுகும், பலகை விழுற இடத்துக்கு நேர உள்ளுக்க கல்லு இல்லாட்டி பானை அந்த இடத்துலயே குழிஞ்சு போகும். "வெளிக்கை வேலை செய்யிறாப்போலதான் தெரியும் மனே, வயித்தப் போடுறது உள்கைதான்" எண்டு சொன்னா மாமி. நான் அதுவரைக்கும் குடத்துட வெளிப்பக்கத்தத்தான் வரைஞ்சு வரைஞ்சு பாத்துக்கொண்டு இருந்தன். அதுக்குப் பிறகு உள்பக்கத்த முதல் வேலையா எடுத்தன், வெளிய விரல் தடம் அங்கங்க கிடக்க விட்டு, உள்ளுக்க மட்டும் கூழாங்கல்லால தேய்ச்சுத் தேய்ச்சு வழுவழுப்பாக்கினன். கண்ணுக்குத் தெரியாத பக்கம்தான். புள்ளை கிடக்கிற பக்கம் அதுதானே.

இனி மண். குளத்தடிக் களிமண்ணத் தனியாச் செய்தா வெடிக்கும், மணல் சேக்கணும், மாமி ஆக்கள் கண் அளவுலதான் சேக்கிறாங்க, புதுசாத் தொடங்குற ஆக்கள் நாலு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு அரிச்ச மணல் வச்சு முதல்ல சின்ன வில்லைகள் செய்து காய வச்சுச் சுட்டுப் பாருங்க. கடல் மணல் வேண்டாம், உப்பும் சிப்பித் துண்டும் இருக்கும், சுட்ட பிறகு சிப்பி சுண்ணாம்பாகி ஈரம் இழுத்து வீங்கி மேல்தோல உடைச்சுக்கொண்டு வரும். எங்கட வீடுகள் எல்லாம் கடற்கரையில இருக்கிறதால கைக்குக் கிட்ட இருக்கிற மணல அள்ளிப் போடத்தான் மனம் வரும், ஆத்து மணலே எடுங்க. மண்ண ஊறப் போட்டு, கல்லு வேர் எல்லாம் எடுத்து, ரொட்டி மா பதம் வாற வரைக்கும் பிசையணும், இறுக்கிப் பிடிச்சு ஒரு துண்ட விரலச் சுத்தி வளைச்சா வெடிப்பு விழப்படாது.

நான் சக்கரத்துல செய்யல்ல, சக்கரம் முழு வட்டம்தான் தரும், எனக்கு ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கின வயிறு வேணும், எட்டாம் மாசத்துக்குப் போக இருந்த வயிறு அப்பிடித்தான் இருக்கும். மண்ணக் கயிறா உருட்டி வளையம் வளையமா அடுக்கி ஏத்தினன். ஒவ்வொரு வளையத்துக்கும் ஒட்டுற இடத்தக் கீறி, மண்கூழ் தடவி, உள்ளுக்கயும் வெளியயும் விரலால இழுத்து மூடணும், சும்மா அடுக்கி வச்சா காயக்குள்ள அந்தக் கோட்டுலயே பிரியும். ஒரே மூச்சுல மேல போகாதீங்க, கீழ் வளையங்கள் கொஞ்சம் இறுகினாத்தான் மேல் பாரத்தத் தாங்கும். தடிப்பு எல்லா இடமும் ஒரே அளவு, சுண்டுவிரல் தடிப்புக்கு மேல போகப்படாது. கையள் ரெண்டையும் கட்டியா ஒட்டுறதுக்கு மாமி விடல்ல, கையளயும் உள்ளுக்க பொள்ளலாச் செய்து, ஒட்டுற இடத்துல குடத்துட பக்கத்துல ஊசியால ஒரு துவாரம் போட்டு விடச் சொன்னா, மூடின பொள்ளலுக்குள்ள ஆவி போக வழி இல்லாட்டி சூளையில அந்த இடம் பறக்கும். குடமும் கையும் ஒரே ஈரத்துல இருக்கணும், காஞ்ச குடத்துல ஈரக் கைய ஒட்டினா ஈரமானது கூடச் சுருங்கி விட்டுப் போயிடும். மண் எண்டது ஈரத்துல இருந்து சுட்டு எடுக்கிற வரைக்கும் பத்துல ஒரு பங்கு வரைக்கும் சுருங்குற சாமான், அத எந்த நேரமும் மனசுல வச்சிருக்கணும்.

கடைசியா உள்ளுக்க அடியில கட்டைவிரலால ஒரு குழி அமத்தினன். ஒரே ஒரு குழி. கட்டைவிரல் அளவுத் துண்டு எண்டுதானே கதையில வருது. மேல இருந்து பாத்தாத் தெரியாது, கைய விட்டுத் தடவினாத்தான் தெரியும்.

காய வைக்கிறதுதான் முழு வேலையிலயும் பெரிய வேலை, இதத்தான் ஆக்கள் அவசரப்படுத்துறாங்க. எங்கட பக்கம் கச்சான் காத்து (தென்மேற்குக் காத்து) எழும்பினா ஒரு பக்கத்தால அறைஞ்சு அடிக்கும், காத்துப் படுற பக்கம் ஒரு நாள்ல வெளிறிப் போயிடும், மற்றப் பக்கம் பச்சையாக் கிடக்கும், அந்த இழுவையில எப்பிடிச் செய்த குடமும் பிளக்கும். வெயில்ல வைக்கவே வேண்டாம். ஈரத்துணி சுத்தி, அதுக்கு மேல பொலித்தீன் மூடி, சாமி அறை மூலையில வச்சு, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாத் திறந்து, குடத்தயும் கிறுக்கிக் கிறுக்கி வச்சன். கையும் தாமரை இதழும் மெல்லிசு, அது முதல்ல காஞ்சிடும், அதால அதுகளுக்கு மட்டும் ஈரத்துணி கூட நாள் கிடக்கணும். குறைமாசப் புள்ளைட சூட்டப் பாத்துப் பாத்துப் பழகின கைக்கு இது புதுசா இல்ல எண்டுதான் சொல்லணும். அம்மா வந்து பாத்திட்டு, "ரெண்டாவது புள்ளையும் பெட்டிக்குள்ளயா கா" எண்டு கேட்டா, கேட்டிட்டு அவவே துணிய நனைச்சுக் கொண்டு வந்து சுத்தி விட்டா.

தோல் இறுகி, கையில ஒட்டாத பதத்துல, ஆனா நகம் பட்டாத் தடம் விழுற நேரம் பாத்துச் செம்மண் கரைசல் பூசி, கூழாங்கல்லால தேய்க்கணும். முந்தினா இழுபடும், பிந்தினா மினுங்காது. மாமி வச்சிருந்த கல்லு அவட மாமியார்ட கல்லாம், ஒரு பக்கம் தேஞ்சு தட்டையாக் கிடந்தது.

சூளை. காத்துக் குமிழி இருந்தா வெடிக்கும் எண்டு எல்லாரும் சொல்லுவாங்க, உண்மையில வெடிக்க வைக்கிறது தண்ணி, 100 பாகை செல்சியஸுல அது ஆவியாகி வெளிய வரத் துடிக்கும், சூடு கெதியா ஏறினா மண்ணயே உடைச்சுக்கொண்டு வரும். அதால முதல் சில மணித்தியாலம் தீ இல்ல, புகை மட்டும். மாமி ஆக்கள் பானைகளுக்குள்ள கைய விட்டுப் பாக்கிறாங்க, உள்ளுக்க ஈர வேர்வை நிக்குதா எண்டு. அது இல்லாமப் போன பிறகுதான் தேங்காப் பொச்சு மட்டையும் விறகும், மேல வைக்கோல் போட்டுச் சேறு பூசி, உடைஞ்ச சட்டித் துண்டு அடுக்கி மூடுறது. 573 பாகையில மண்ணுக்குள்ள இருக்கிற மணல் சட்டெண்டு ஒருக்கா வீங்கும், ஆறக்குள்ள அதே இடத்துல சட்டெண்டு சுருங்கும், திறக்க அவசரப்பட்டாக் குடம் கீறுறது அந்த இடத்துலதான், அடுத்த நாள் சாம்பல் கையால தொட ஏலுற சூட்டுக்கு வாற வரைக்கும் ஆரையும் கிட்ட விட வேண்டாம். இந்தச் சூளை 700, 800 பாகை அளவுதான் போகும், கிளேஸ் உருகுறதுக்குக் காணாது, வழமையான கிளேசுக்கு 1000 அளவுக்குப் போற மின்சாரச் சூளை போல ஒண்டு வேணும். காத்துப் பட்ட இடம் சிவப்பா வரும், மண்ணுல இருக்கிற இரும்பு அப்பிடிச் சிவக்குது, காத்துப் படாம மூடுண்டு புகைக்குள்ள கிடந்த இடம் கறுப்பு. என்ட குடத்துல வலப்பக்க வயித்துல இருந்து முதுகுக்குப் போற கறுப்பு அப்பிடி வந்தது. கழுவித் தேய்ச்சு எடுக்கச் சொன்ன ஆக்கள் இருக்கிறாங்க, நான் தொடல்ல, எனக்கு வயித்துல விழுந்த தழும்பு போகாது, அவளுக்கும் போகத் தேவையில்ல.

இதுக்குள்ள நெய் ஊத்துவியா எண்டு கேட்டாங்க. இந்தச் சூட்டுல சுட்ட மண் எண்ணெய உறிஞ்சும், வெளிய கசியும், உள்ளுக்க உறிஞ்சின நெய் நாளாக நாளாக மணக்கத் தொடங்கும். சமையலுக்கு எண்டு செய்யிற சட்டிய ஒரு நாள் தண்ணியில ஊறப் போட்டு, மறுகா சோறு வடிச்ச கஞ்சி காய்ச்சிப் பழக்கி எடுக்கலாம். வடிவுக்குக் கிளேஸ் பூசுற ஆக்கள், அதுல சாப்பாடு வைக்கிறதெண்டா ஈயம் இல்லாத கிளேஸ் தானா எண்டு கேட்டு வாங்குங்க, புள்ளைகள் உள்ள வீட்டுல இதுல விளையாட வேண்டாம். என்ட குடத்துல நான் அரிசிதான் நிரப்பி வச்சிருக்கிறன், கும்பத்துக்கு நிரப்புறது போல.

ராத்தா போன மாசம் மகனக் கூட்டிக்கொண்டு வந்தவ. தூக்கிப் பாத்தவ, கைய உள்ளுக்க விட்டு அரிசிக்குக் கீழ அந்தக் குழியத் தேடிக் கண்டு பிடிச்சவ, நான் சொல்லவே இல்ல. தனக்கும் ஒண்டு வேணும் எண்டா, கை வேண்டாமாம், உருவம் ஒண்டும் இல்லாம வயிறும் மூடியும் மட்டும், மேல பூக்கொடி ஒண்டு ஓட விடச் சொன்னா. அத இப்ப வரைஞ்சுகொண்டு இருக்கிறன், பேழை வடிவத்துல நீட்டா வருது.

செய்ய நினைக்குற ஆக்களுக்குக் காலம் சொல்லி விடுறன். மாரியில தொடாதீங்க, காயவும் காயாது, சூளையில தீயும் பத்தாது. கச்சான் எழும்பின பிறகு வேலை ரெண்டு மடங்கு. மாரிப் போகம் வெட்டி முடிஞ்ச கையோட மாசி, பங்குனி, சித்திரை இந்த மூண்டு மாசமும் நல்லம், காத்தும் அடக்கமா இருக்கும், குளத்துல தண்ணி வத்தத் தொடங்குறதால மண்ணும் எடுக்கலாம், வைக்கோலும் கிடைக்கும். இப்ப மெசினால வெட்டுறதால வைக்கோல் வயலுக்குள்ளயே பறந்து கிடக்கும், ரெண்டு நாள்ல மாடு திண்டிடும், இல்லாட்டிக் கொளுத்திப் போடுவாங்க, அதால வெட்டுக்கு முந்தியே வயல்காரரிட்டச் சொல்லி வையுங்க.